அடுப்பேறாத கடைசல்

ரத்தினசாமியின் பனியன் கம்பெனிக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில், கிணற்றை ஒட்டி ஒரு மரம் நின்றது. அதை யாரும் மரத்தின் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘ஞானாம்பா சீரு’ என்பார்கள். அதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள், வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் சொல்வார்கள்.

ஞானாம்பாள் ரத்தினசாமியின் மனைவி. சென்னிமலைப் பக்கம் தறி போட்டிருந்த குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்விட்டதால், பொறந்த வீட்டுச் சீர் கொண்டுவரும் பாரம் அண்ணன் சென்னியப்பன் தலையில் விழுந்தது. அவன் மேட்டுப்பாளையத்தில் லாரி டிரைவர். ஊட்டியிலிருந்து உருளைக்கிழங்கு இறக்குகிறவன் கையில் எவ்வளவு இருக்கும்? சேலை, தேங்காய், மஞ்சள், வாழைத்தார் என்று முடிந்ததைத் தட்டுகளில் வைத்தான். கடைசித் தட்டில் மண்ணெண்ணெய் டின்னில் நட்ட ஒரு செடியையும் வைத்தான்.

பர்லியாற்றில் ஓர் எஸ்டேட் தோட்டக்காரன் கொடுத்த செடி அது. பட்டர் புரூட் என்று பெயராம். வெள்ளைக்காரர்கள் உயிரை விடுவார்களாம். திருப்பூரில் ஒரு வீட்டிலும் இல்லாத மரம் தன் தங்கச்சி வீட்டில் நிற்கட்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. ஆசைப்பட்டதில் என்ன குற்றம் என்று எனக்கும் இதுவரை விளங்கவில்லை.

நல்லம்மாளுக்கு விளங்கிற்று. ரத்தினசாமிக்கு அக்காள், சின்ன வயசிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். சமையல்கட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். ஞானாம்பாளுக்கு அவள் நங்கையா. மற்ற ஊர்களில் நாத்தனார் என்று சொல்வதைத்தான் இங்கே அப்படிச் சொல்வது. நங்கையாவுக்கு மனசு கெட்டதில்லை, வாய்தான் ஒரு முழம் நீளம். கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்தவள் சென்னியப்பன் இலைக்கு முன்னால் நின்றாள்.

“சீர்த் தட்டுல செடிய வெச்சுக் கொண்டாந்திருக்கறீங்களே, எங்கூட்டு ஆட்டுக்குங்களா?” என்றாள்.

பந்தியே சிரித்தது. சென்னியப்பன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு, இலையை எதிர்ப்பக்கமாக மூடினான். சாவு வீட்டுப் பந்தியில்தான் இலையை அப்படி மூடுவார்கள். உறவு வேண்டும் என்றால் தன் பக்கமாக மடிக்க வேண்டும். அது தெரியாதவர்கள் அந்தப் பந்தியில் ஒருவரும் இல்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அந்த இலையைத் தொட மனமில்லாமல் நல்லம்மாள் வேலைக்காரி பூவாத்தாளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள்.

வாசலில் அவன் தங்கச்சியிடம் மெதுவாகத்தான் சொன்னான். “அம்முணி, நான் கொண்டாந்த சீர அந்த அம்மா ஒரு வாய் தின்னு முழுங்கட்டும். அதுக்கப்பறந்தான் இந்த ஊட்டுல நான் கை நனைப்பேன்.”

சொன்னால் சொன்னதுதான். அந்தக் குடும்பத்துப் பிடிவாதம் அப்படி. மகளுக்குத் திருமுருகன்பூண்டிக் கோயிலில் காது குத்தியபோது தாய்மாமன் வந்தான். மடியில் உட்காரவைத்துக்கொண்டான், தோடும் பாவாடையும் வைத்தான், பிள்ளையின் கண்ணைத் துடைத்தான். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றதும் லோடு காத்திருக்கிறது என்று போய்விட்டான். திருப்பூர் வழியாகப் போகும்போதெல்லாம் வாசலில் லாரியை நிறுத்தி ஆரன் அடிப்பான். ஞானாம்பாள் ஓடுவாள். ஒரு மூட்டை காரட்டை இறக்கிப்போட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவான். ஒவ்வொரு தடவையும் அவள் கிணற்றடிக்கு வந்து அந்த மரத்தடியில் நின்று அழுவாள். கம்பெனியில் நிட்டிங் மிஷின்கள் போடும் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது.

மரம் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. கிணற்றுத் தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குடித்துவிட்டு வளர்ந்தது. வருஷக்கணக்கில் இலையைத் தவிர ஒன்றையும் காட்டவில்லை. பிறகு ஒரு வருஷம் காய் வைத்தது. கரும்பச்சையாக, பேரிக்காய் வாகில், கல்லு மாதிரி காய்.

பழுக்கட்டும் என்று வீடே காத்திருந்தது. மாங்காய் என்றால் மஞ்சளாகும். கொய்யா என்றால் மணக்கும். இது மரத்தில் இருந்தவரைக்கும் கல்லாகவே இருந்தது. பழுக்காதது காயாகத்தான் இருக்கும் என்று நல்லம்மாள் முடிவு கட்டினாள். சுரைக்காய் அரிவதுபோல் அரிந்து, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூத் தூவிப் பொரியல் செய்தாள். வாயில் வைத்தவள் ஓடிப்போய்ச் சாக்கடையில் துப்பினாள். வேப்பங்காய் தேவலாம் என்று தெருப்பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த வருஷம் ஞானாம்பாள் புளி ஊற்றிக் குழம்பு வைத்துப் பார்த்தாள். அதுவும் கசந்தது. அத்தோடு அந்த மரத்தின் பெயர் கெட்டது.

இப்படி இருக்கையில் ரத்தினசாமி இன்னும் இரண்டு மிஷின் வாங்க ஏற்பாடு செய்தார். கம்பெனிக் கொட்டகையை, அதாவது செட்டை, நீட்டிப் போட வேண்டும். நீட்டுகிற பக்கம்தான் மரம் நின்றது.

“ஆவணி பொறந்ததும் மரத்த எடுத்தர்றோம்,” என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

“அது எங்கண்ணன் வெச்ச சீருங்க,” என்றாள் ஞானாம்பாள்.

“இல்லேங்கல. மனுசன் திங்கற மாதிரி ஒண்ணு அதுல காய்ச்சா நானே செட்டத் தள்ளிப் போடறேன். கசப்புக் காய்க்கு எடம் விட முடியுமா, சொல்லு?”

நியாயமான பேச்சு. ஞானாம்பாள் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். அப்போது ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆடியில் யாரும் கட்டடத்துக்குக் கடக்கால் தோண்ட மாட்டார்கள். ஆக, ஆடி முடிகிறவரைக்கும் மரத்துக்கு உயிர் இருந்தது. அதற்குள் நங்கையா வயிற்றுக்குள் அந்தக் காய் போகவில்லை என்றால் பிறகு சீரும் இல்லை, அண்ணன் கை நனைக்க வழியும் இல்லை.

ஆடிக் காற்று மரத்தைப் பிடித்து உலுக்கியது. கிணற்றடி எங்கும் காய். நல்லம்மாள் கண்ணில் பட்டால் மறுபடியும் பேச்சு வருமே என்று, ஞானாம்பாள் விழுந்ததையெல்லாம் பொறுக்கிக் கம்பெனி மூலையில் கிடந்த வேஸ்ட் சாக்குக்குள் திணித்தாள். பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணியெல்லாம் அந்தச் சாக்கில் கிடக்கும். திணித்தவள் அதை மறந்தும் போனாள்.

சில நாள் கழித்து வேஸ்ட் கட்டுகிற வீரன் வாசலில் வந்து நின்றான்.

“ஏனுங்கம்மா, சாக்குக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்குதாட்ட இருக்குதுங்க. கைய உட்டா மெதுக்குன்னு இருக்குது. நாத்தந்தான் இல்லீங்க.”

ஞானாம்பாளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சாக்கைக் கவிழ்த்தாள். துணிக் கதகதப்பில் கிடந்த காய்கள் கறுத்து, விரல் வைத்தால் பதிகிற பதத்தில் இருந்தன. ஒன்றை அரிவாள்மணையில் வைத்தாள். வெண்ணெயில் கத்தி போகிறமாதிரி போனது. உள்ளே இளம்பச்சை, நடுவில் ஒரு பெரிய கொட்டை. பயந்துகொண்டே நாக்கில் வைத்தாள். கசக்கவில்லை. இனிக்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை. வழுவழுவென்று நெய் மாதிரி தொண்டைக்குள் இறங்கியது. இத்தனை வருஷமாக மரத்திலேயே பழுக்கட்டும் என்று காத்துக்கிடந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. அது பறித்த பிறகு பழுக்கிற சாதி.

ஆனால் சும்மா தின்னக் கொடுத்தால் நங்கையா தின்பாளா? பண்டமாகச் செய்ய வேண்டும். கீரையைக் கடைவதுபோல் சட்டியில் போட்டு மத்தால் கடைந்தாள். தாளிக்காத கடைசலை அந்த வீட்டில் கடைசல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே எண்ணெய் காய வைத்து, கடுகு வெடிக்கவிட்டு, அதில் கொட்டிக் கிளறினாள். வாயில் வைத்தால் பழைய கசப்பு அப்படியே திரும்பி வந்திருந்தது. சட்டியை வீசியெறியலாம் போல் இருந்தது அவளுக்கு. கொஞ்சநேரம் உட்கார்ந்து யோசித்தாள். பழம் நல்லாத்தான் இருந்தது, கடைசலும் நல்லாத்தான் இருந்தது, அடுப்பில் ஏறின பிறகுதான் கெட்டது. அப்படியானால் அடுப்புதான் இதற்கு எமன்.

மறுநாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. அம்மியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கல்லுப்பு மூன்றையும் வைத்து ஒன்றிரண்டாக நசுக்கினாள். பழத்தை வழித்துச் சட்டியில் போட்டு மத்தால் நாலு சுற்று, கட்டி கொஞ்சம் நிற்கும்படி கடைந்தாள். நசுக்கியதைச் சேர்த்தாள். கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சம்பழத்தை அழுத்திப் பிழிந்தாள். விரலில் தொட்டு நக்கியவள் மறுபடி தொட்டாள், மறுபடியும் தொட்டாள். மிளகாய் உறைத்தது, எலுமிச்சை சுள்ளென்றது, பழம் இரண்டையும் அணைத்துக்கொண்டது. எங்கேயோ மெக்சிகோ என்கிற தேசத்தில் இதைக் குவாக்கமோலே என்கிறார்கள் என்று பல வருஷம் கழித்து அந்த வீட்டுக்குத் தெரியவந்தது. தெரிந்து என்ன, அங்கே அதற்கு அடுப்பேறாத கடைசல் என்றுதான் பெயர்.

ஒரே ஒரு கோளாறு. மூடி வைத்துவிட்டு மத்தியானம் திறந்தால் மேலெல்லாம் கறுத்துக் கிடந்தது. செய்த கையோடு தின்றால்தான் உண்டு.

ரத்தினசாமிக்குத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். எந்த மிஷினில் ஊசி உடைந்தது என்ற யோசனையில் அவர் இலையை வழித்துவிட்டு எழுந்து போனார். என்ன தின்றோம் என்றுகூடத் தெரியாது, மரத்துப் பழம் என்று அவள் சொன்னதும் காதில் ஏறவில்லை. நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“என்னது அது, பச்சையா?”

“நம்ம மரத்துப் பழமுங்க, நங்கையா. கசக்கலீங்க. ஒரு வாய்…”

“உங்கண்ணன் சீர நீயே தின்னு,” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது ஞானாம்பாளுக்கு. என்ன செய்வது, விழுங்கிக்கொண்டாள். சாக்கில் இருந்த பழங்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தன.

ஆடிக் கிருத்திகை வந்தது. முருகனைக் கும்பிடுகிற அந்த வீட்டில் அது பெரிய நாள். கம்பெனிக்கு லீவு. மிஷின் சத்தம் நின்றுபோய், வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி இருந்தது. ரத்தினசாமி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருந்தார். நல்லம்மாளுக்கு அன்று கடும் விரதம். அடுப்பில் ஏறியது எதையும் தொட மாட்டாள், வெங்காயம் ஆகாது, பழம் மட்டும்தான். விரதத்தில் மயக்கம் வந்துவிடும் என்று துணைக்கு ஞானாம்பாளை விட்டுப் போயிருந்தார்கள். நல்லம்மாள் தனக்கென்று எடுத்துவைத்திருந்த வாழைப்பழச் சீப்பையும் அர்ச்சனைத் தட்டோடு சேர்த்து ரத்தினசாமி கொண்டுபோய்விட்டார். மத்தியானம் தாண்டியும் ஆள் வரவில்லை. கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைத்திருக்காது.

நல்லம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கடைக்குப் போய்ப் பழம் வாங்கி வரலாம் என்றால், இந்த நிலையில் அவளைத் தனியாக விட்டுப் போகவும் பயம். ஞானாம்பாளுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் நினைப்புக்கூட வரவில்லை, பசித்த ஒரு மனுஷிதான் கண்ணில் பட்டாள். சாக்கில் கடைசிப் பழம் ஒன்று இருந்தது. வெங்காயத்தை விட்டுவிட்டு, இஞ்சியும் மிளகாயும் நசுக்கி, நங்கையா விரதத்துக்கென்று வைத்திருந்த இந்துப்பை எடுத்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கடைந்து கொண்டுபோய் வைத்தாள்.

நல்லம்மாள் கண்ணைத் திறந்தாள். “அடுப்புல வெச்சியா?”

“இல்லீங்க.”

“வெங்காயம்?”

“போடலீங்க. பழந்தானுங்க.”

“என்ன பழம்?”

அரைகுறை வெளிச்சத்தில் அவளுக்கு நிறம் தெரியவில்லை போலிருக்கிறது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். தின்றிருப்பாள். ஆனால் தெரியாமல் தின்றால் அது அண்ணன் கேட்டதாகுமா? 

“எங்கண்ணன் கொண்டாந்த சீருங்க, நங்கையா.”

நல்லம்மாள் சட்டியையே பார்த்தாள்.  ஓரத்தில் லேசாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் வாயில் வைக்க விளங்காது. 

“சாமிக்கு வெச்சியா?” என்றாள் நல்லம்மாள்.

“காரமுங்களே…”

“முருகன் மலைச்சாமி. மலைலிருந்து வந்தத வேண்டாம்பானா? போயி வெச்சுட்டுக் கொண்டா.”

ஓடினாள். படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டி, தண்ணீர் சுற்றி, அதே ஓட்டத்தில் திரும்பினாள். நல்லம்மாள் கையைக் குவித்து வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு,” என்றாள்.

ஞானாம்பாள் திரும்பி வந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு வார்த்தை இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

ஆவணி பிறந்தது. மரம் வெட்டுகிற ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள். ரத்தினசாமி கயிற்றால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். நல்லம்மாள் சமையல்கட்டிலிருந்து இறங்கி நேரே மரத்தடிக்கு வந்து நின்றாள்.

“சாமிக்குப் படைச்ச மரம் இது. செட்ட அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்க, தம்பி.”

“நீதானக்கா கசக்குதுன்ன?”

“ஆக்கத் தெரியாம ஆக்குனா கசக்காம என்ன பண்ணும்?”

ரத்தினசாமிக்கு இந்தச் சண்டையில் என்றைக்குமே சிரத்தை இருந்ததில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். ஞானாம்பாள் அன்றைக்கே மேட்டுப்பாளையம் போகிற லாரிக்காரர் ஒருவரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். காயைப் பறித்து வேஸ்ட் சாக்கில் போட்டும் வைத்தாள்.

ஒரு மத்தியானம் ஆரன் சத்தம் கேட்டது. கைக்காரியத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நடந்ததை மூச்சு வாங்க முழுதும் சொன்னாள். சென்னியப்பன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே கேட்டான். தலைமுடி அங்கங்கே நரைத்திருந்தது.

“சாமிக்குப் படைச்சா அது பிரசாதம், அம்முணி,” என்றான். “பிரசாதத்த யாரு வேண்டாம்பாங்க? எஞ்சீருன்னு தின்னாங்களா, அதச் சொல்லு.”

 அதே சந்தேகம்தான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. இவனையும் நங்கையாவையும் ஒரே தூணில் கட்டிவைத்து அடித்தால் என்ன என்று ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

பின்னால் நல்லம்மாள் குரல் கேட்டது. வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்திருந்தாள்.

“ஏனுங்க,” என்றாள் லாரியை அண்ணாந்து பார்த்து. “மொதோ வாய் பிரசாதமுன்னுதான் தின்னேன். ரெண்டாவது வாய் பசிக்குத் தின்னேன். அப்பறம் இவளத் தண்ணி காட்ட அனுப்பிட்டுச் சட்டிய வழிச்சு நக்குனேன் பாருங்க, அது உங்க சீருன்னுதானுங்க. பந்தில வெச்சு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எறங்கி வாங்க, கை நனைங்க.”

சென்னியப்பன் இஞ்சினை அணைத்தான்.

இலை போட்டார்கள். ஞானாம்பாள் வெங்காயம் நசுக்கினாள், பழம் கடைந்தாள், எலுமிச்சை பிழிந்தாள். நல்லம்மாள் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பரிமாறினாள். முதலில் அதைத்தான் வைத்தாள்.

“இது என்னங்க?” என்றான் சென்னியப்பன்.

“நீங்க கொண்டாந்ததுதானுங்க. நீங்க தின்னதில்லீங்களா?”

“நான் எங்கீங்க தின்னேன்? தோட்டக்காரன் சொன்னான், கொண்டாந்தேன்.” ஒரு வாய் வைத்தான். முகம் போன போக்கைப் பார்த்து ஞானாம்பாளுக்குத் திக்கென்றது.

“என்னண்ணா?”

“வழவழன்னு இருக்குது, அம்முணி. இதையா அவனுங்க காசு குடுத்துத் திங்கறானுங்க?”

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனோ பேசாமல் தின்றான். பிடிக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை. சோறு, பருப்பு, மோர் என்று வரிசையாக வாங்கிச் சாப்பிட்டான். நல்லம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அவன் இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவன் இலையின் மேல்பாதியைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்தான். மடித்துக் கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தான்.

எடுப்பதற்குப் பூவாத்தாள் குனிந்தாள். நல்லம்மாள் அவளைத் தடுத்துவிட்டு அந்த இலையைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனாள்.